படிக்கும் நேரம் யாருடையது? வேலையோடு பட்டம் பெறும் முறையின் வரலாறும் பினாங்கும்

எஸ்.பி.எம். முடித்த மாணவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழுகிறது. “டீச்சர், வேலை பார்த்துக்கிட்டே டிகிரி முடிக்கலாமாமே? சம்பளமும் வருமாம், கட்டணத்தையும் கம்பெனியே கட்டுமாம். வீட்டில உட்கார்ந்தே செய்யலாமாம். உண்மையா?”

பினாங்கில் இந்தக் கேள்விக்கு எடை கூடுதல். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. வேலைக்குப் போனால் அடுத்த மாதமே சம்பளம் கைக்கு வரும். வீட்டு நிலைமை சரியில்லாத பிள்ளை, படிப்பா வேலையா என்று நிற்கும்போது வேலைப் பக்கம் சாய்வது இயல்புதான். இரண்டும் சேர்ந்தே கிடைக்கும் என்று ஒருவர் சொன்னால், அது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய வாக்குறுதி என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் அந்த வாக்குறுதி எங்கிருந்து வந்தது, எதன் மேல் நிற்கிறது என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒரு நிறுவனத்தில் ஊழியராகச் சேர்ந்து, சம்பளம் வாங்கி, அந்த வேலையையே பாடமாகக் கொண்டு பல்கலைக்கழகப் பட்டம் பெறும் முறையைப் ‘பட்டப் பயிலுநர் முறை’ எனலாம். மலாயில் ‘பெராந்திஸ்’ என்றால் தொழில் பயிலுநர். மென்பொருள் பொறியியலில் இந்த முறை இன்று பல நாடுகளில் பேசப்படுகிறது. பார்ப்பதற்குப் புதுமையாகத் தெரிந்தாலும் இதன் வேர்கள் மிகப் பழையவை. ஒரு வேர் நம் ஜார்ஜ்டவுனிலேயே இருக்கிறது.

இந்த வரலாறு முழுவதிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. படிக்கும் நேரம் யாருடையது? முதலாளி கொடுத்த நேரமா, அல்லது பயில்பவர் தம் தூக்கத்திலிருந்து வெட்டி எடுத்த நேரமா? ஒவ்வொரு காலமும் இதற்கு ஒரு விடை சொன்னது. அந்த விடைகளை வரிசையாகப் பார்ப்போம்.

1. நேரம் முழுவதும் குருவுடையது

இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கைவினைஞர் சட்டம், ஒரு தொழிலைச் செய்ய விரும்புபவர் 7 ஆண்டுகள் பயிலுநராக இருக்க வேண்டும் என்று வகுத்தது. சிறுவன் குருவின் வீட்டிலேயே தங்குவான், அங்கேயே சாப்பிடுவான். அவன் நேரம் முழுவதும் குருவுடையது. வேலை எங்கே முடிகிறது, படிப்பு எங்கே தொடங்குகிறது என்ற கோடே கிடையாது. அந்தச் சட்டத்தின் பயிலுநர் விதிகள் 1814இல் நீக்கப்பட்டன.

நமக்கும் இது அந்நியமான முறை அல்ல. பத்தர் பட்டறையில் ஊதுகுழலைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே நகைத் தொழில் கற்ற பையன், நாதசுரக் கலைஞர் வீட்டில் தங்கி எடுபிடி வேலை செய்துகொண்டே வாசிக்கக் கற்ற சீடன், எல்லாரும் இந்த வழியில் வந்தவர்கள்தான். கூடவே இருந்து பார்த்துப் பழகுவதுதான் பாடம். தவறு செய்த அந்த நொடியிலேயே குரு திருத்துவார். இந்த ‘கூடவே இருத்தல்’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் இதற்கு வேலை இருக்கிறது.

ஆசிரியர் தொழிலும் ஒரு காலத்தில் பயிலுநர் தொழிலாகத்தான் இருந்தது. இங்கிலாந்தில் 1846 முதல் ‘மாணவ ஆசிரியர்’ முறை நடப்புக்கு வந்தது. 13 வயதுச் சிறுவனோ சிறுமியோ 5 ஆண்டு ஒப்பந்தத்தில் பகலில் சிறிய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார். பள்ளி நேரத்துக்கு வெளியே தலைமையாசிரியரிடம் தாம் பாடம் கேட்பார். மலாயாவிலும் வார நாள்களில் வகுப்பில் கற்பித்து, வார இறுதியில் ‘நார்மல் வகுப்பு’க்குச் சென்று பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். விடுமுறைக் காலப் பயிற்சியில் சான்றிதழ் பெற்ற இன்றைய ஆசிரியர்களுக்கும் இந்தப் பாட்டை தெரிந்ததுதான். வாரம் முழுக்க வேலை, சனி ஞாயிறு படிப்பு. படிக்கும் நேரம் ஆசிரியரின் ஓய்வு நேரத்திலிருந்தே வந்தது.

2. நேரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை

அடுத்த பெரிய மாற்றம் 1858இல் வந்தது. இலண்டன் பல்கலைக்கழகம் அந்த ஆண்டு தன் பட்டத் தேர்வுகளை வெளி மாணவர்களுக்குத் திறந்துவிட்டது. கல்லூரியில் சேராமலேயே, உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் தாமே படித்துத் தேர்வு எழுதிப் பட்டம் பெறலாம். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளில் எழுத்தர்களும் ஆசிரியர்களும் இப்படி மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள்.

இங்கே பல்கலைக்கழகம் கேட்டது ஒன்றுதான்: தேர்வில் விடை எழுத முடியுமா? எப்போது படித்தாய், யார் சொல்லிக்கொடுத்தார் என்பதெல்லாம் அதன் கவலை அல்ல. கதவு திறந்தது, அது பெரிய காரியம். ஆனால் பழைய பட்டறையில் இருந்த குரு இந்த முறையில் காணாமல் போனார். அலுவலக வேலை ஒரு பக்கம், படிப்பு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

3. 1971: மிண்டன் வளாகத்திலிருந்து அஞ்சலில் போன பாடம்

இப்போது பினாங்குக்கு வருவோம். மலேசியாவின் இரண்டாவது பல்கலைக்கழகம் 1969இல் இங்கே தொடங்கியது. அப்போது அதன் பெயர் பினாங்குப் பல்கலைக்கழகம். குளுகோரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், 57 அறிவியல் மாணவர்களோடு தற்காலிகமாக வகுப்பு ஆரம்பித்தது. 1971இல் பிரிட்டிஷ் இராணுவத்தின் பழைய மிண்டன் முகாமுக்கு மாறியது. இன்று நாம் யு.எஸ்.எம். என்று சொல்லும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அதுதான்.

அதே 1971இல் இந்த இளம் பல்கலைக்கழகம் துணிச்சலான ஒரு காரியம் செய்தது. வேலையில் இருக்கும் பெரியவர்களுக்காக ‘வளாகத்திற்கு வெளியே’ படிக்கும் பட்டத் திட்டத்தைத் தொடங்கியது. மலேசியாவில் தொலைநிலைக் கல்வியின் தொடக்கம் இதுவே. பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் முதல் மாணவர்கள் பாடம் தொடங்கியதும் அதே ஆண்டுதான் என்பதைக் கவனியுங்கள். இலண்டன் செய்த பரிசோதனையை நாம் இருபது ஆண்டு கழித்து இறக்குமதி செய்யவில்லை. ஒரே நேரத்தில் இங்கேயும் தொடங்கினோம்.

பாடக் குறிப்புகள் அஞ்சலில் போயின. மாணவர் படித்து, பயிற்சிகளை எழுதித் திருப்பி அனுப்பினார். ஆண்டுக்கொரு முறை வளாகத்துக்கு வந்து தீவிர வகுப்பில் அமர்ந்தார். இதில் சேர்ந்தவர்களில் பள்ளி ஆசிரியர்கள் பலர். இலண்டன் முறையில் காணாமல் போன ஆசிரியர் இங்கே ஓரளவு திரும்பி வந்தார் எனலாம். கட்டுரைகளைத் திருத்த ஆள் இருந்தார், நேரில் சந்திக்க நாள்கள் இருந்தன.

ஆனால் நேரம்? அது அப்படியேதான் இருந்தது. பள்ளிக்கூடம் முடிந்து, வீட்டு வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு கிடைக்கும் நேரம். வேலை கொடுத்தவர் இந்தப் படிப்பில் பங்காளி அல்ல.

4. 1972: நெல்வயலில் எழுந்த தொழிற்சாலைகள்

தொலைநிலைக் கல்வி தொடங்கிய அதே காலத்தில் தீவின் தெற்கே இன்னொரு கதை நடந்தது. 1960களின் இறுதியில் பினாங்கு தன் சுதந்திரத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையானது. 1969இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ, மின்னணுத் தொழிலைக் கொண்டுவர முனைந்தார். பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக வட்டாரம் உருவானது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், ஹிட்டாச்சி, கிளேரியன், போஷ் ஆகிய முன்னோடி நிறுவனங்களை இன்றும் ‘எட்டுச் சாமுராய்கள்’ என்று பினாங்கில் குறிப்பிடுகிறார்கள். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பொருத்துதல் தொழிற்சாலையை 1972இல் இங்கேதான் திறந்தது.

தொடக்கத்தில் தேவைப்பட்டவை கூர்மையான கண்ணும் நிதானமான கையும். போகப்போக இயந்திரங்கள் மாறின. நுண்ணோக்கி பார்த்துக் கம்பி பொருத்தியவருக்குப் பதிலாக, தானியங்கி இயந்திரத்தைப் புரிந்து இயக்கும் தொழில்நுட்பர் தேவைப்பட்டார். அப்படிப்பட்டவர்கள் போதுமான அளவில் இல்லை. ஒரு கம்பெனி செலவு செய்து பழக்கிய ஆளை அடுத்த கம்பெனி கொஞ்சம் கூடுதல் சம்பளம் காட்டி இழுத்துக்கொண்டால், யார்தான் பயிற்சிக்குச் செலவு செய்வார்?

இந்தச் சிக்கலுக்குப் பினாங்கு கண்ட விடைதான் 1989இல் தோன்றிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம், சுருக்கமாகப் பி.எஸ்.டி.சி. மாநில அரசு, தொழில் நிறுவனங்கள், கல்வித்துறை ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் மையம் அது. போட்டி போடும் நிறுவனங்களே ஒன்றாக அமர்ந்து எந்தப் பயிற்சி தேவை என்று தீர்மானித்தன. மலேசியாவின் பிற மாநிலங்களுக்கு இது முன்மாதிரி ஆனது. பயிற்சிச் செலவைப் பகிரும் எண்ணம் பிறகு தேசிய அளவிலும் சட்டமானது. 1992ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டம், முதலாளிகளிடமிருந்து ஒரு தீர்வையை வசூலித்து அதை ஊழியர் பயிற்சிக்கே திருப்பிவிடும் ஏற்பாட்டைக் கொண்டு வந்தது.

வரலாற்றுப் பார்வையில் இங்கே ஒரு திருப்பம் நிகழ்ந்தது. நிறுவனம் பயிற்சிக்கு அனுப்பும் ஊழியர், சம்பளத்தோடு வகுப்பில் உட்கார்ந்தார். படிக்கும் நேரம் முதல்முறையாக வேலை நேரத்துக்குள் நுழைந்தது. ஆனால் இந்தப் பயிற்சியின் முடிவில் பெரும்பாலும் கிடைத்தது திறன் சான்றிதழ்.

ஆக, பினாங்குத் தீவிலேயே இரண்டு பாதைகள் அருகருகே ஓடின. மிண்டனில் பட்டம் கிடைத்தது, வேலை நேரம் கிடைக்கவில்லை. பாயான் லெப்பாஸில் வேலை நேரம் கிடைத்தது, பட்டம் கிடைக்கவில்லை.

5. ஜார்ஜ்டவுனில் ஒரு திறந்தவெளிப் பல்கலைக்கழகம்

இரு பாதைகளுக்கும் நடுவே பாலம் போட முயன்றவர்களில் ஒருவர் கஜராஜ் தனராஜன். யு.எஸ்.எம்.மின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் பணியாற்றிய இவர், பிறகு ஹாங்காங்கின் திறந்தவெளிக் கல்விக் கழகத்துக்குத் தலைமை ஏற்றார். அதன் பின் 1995 முதல் 2004 வரை, கனடாவின் வான்கூவர் வட்டாரத்தில் இயங்கும் காமன்வெல்த் கற்றல் அமைப்பின் தலைவராக இருந்தார். மிண்டனில் பெற்ற அனுபவம் இப்படி உலகம் சுற்றி மறுபடி ஊருக்கே திரும்பியது. ஜார்ஜ்டவுனில் அமைந்த வாவாசான் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் அவர்தான்.

ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் பழைய மாளிகை ஒன்றை மையமாகக் கொண்ட அந்தப் பல்கலைக்கழகம் 2007இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. வேலை பார்க்கும் பெரியவர்கள்தான் அதன் முதன்மை இலக்கு. இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 2001இல், மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகமும் பாடம் தொடங்கியிருந்தது. அஞ்சலுக்குப் பதில் இணையம் வந்தது, தீவிர வகுப்புக்குப் பதில் வார இறுதி வகுப்புகள் வந்தன. எத்தனையோ பேர் இந்தக் கதவுகளின் வழியே பட்டதாரிகள் ஆனார்கள்.

இங்கேயும் நம் கேள்வியைக் கேட்போம். படிக்கும் நேரம் யாருடையது? இன்னும் மாணவருடையதுதான். கட்டணமும் பெரும்பாலும் அவருடையதுதான்.

6. மென்பொருள் துறை சொன்ன புதிய விடை

வேலை, பட்டம் இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டிய முயற்சியை இந்தியாவில் பார்க்கலாம். பிலானியில் உள்ள பிட்ஸ் நிறுவனம் 1979 முதலே, வேலையில் இருப்பவர்களுக்கான பட்டத் திட்டத்தை நடத்தி வந்தது. 1995இல் விப்ரோ நிறுவனம் அதோடு கைகோத்தது. அறிவியல் பட்டம் முடித்த இளைஞர்களை வேலைக்கு எடுத்து, வார நாள்களில் மென்பொருள் பணி, வார இறுதியில் வகுப்பு என்று 4 ஆண்டுகள் நடத்தி, மென்பொருள் பொறியியலில் முதுநிலைப் பட்டம் கிடைக்கச் செய்தது. பொறியியல் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாத பி.எஸ்சி. பட்டதாரிகளுக்கு இது ஒரு பெரிய வாசலாக அமைந்தது.

தமிழ்நாட்டில் ஸோஹோ நிறுவனம் வேறு வழியில் போனது. பள்ளிப் படிப்பை முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, தன் சொந்தப் பள்ளியிலேயே நிரல் எழுதக் கற்றுக்கொடுத்து வேலைக்கு அமர்த்தியது. தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையிலும் அந்த நிறுவனத்தின் அலுவலகம் எழுந்தது. சென்னைக்கு வராமலேயே மென்பொருள் எழுதலாம் என்று கிராமத்துப் பிள்ளைகள் கண்டார்கள். ஆனால் இந்தப் பள்ளி பல்கலைக்கழகப் பட்டம் தருவதில்லை.

நம் கேள்விக்கு எழுத்து வடிவில் விடை சொன்னது இங்கிலாந்துதான். 2015இல் அங்கே பட்டப் பயிலுநர் முறை தொடங்கியது. மென்பொருள் உள்ளிட்ட கணினித் துறைக்கான பட்டம் அதன் முன்னோடிகளில் ஒன்று. 2017 ஏப்ரலில் பெரிய நிறுவனங்கள் மீது பயிலுநர் தீர்வை விதிக்கப்பட்டது: ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 0.5 விழுக்காடு. பயிலுநர் கல்விக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அதைவிட முக்கியமான விதி இன்னொன்று: வேலை நேரத்தில் 20 விழுக்காடு பயிற்சிக்கு ஒதுக்கப்பட வேண்டும். அதாவது வாரத்தில் ஏறக்குறைய ஒரு நாள். 2022 ஆகஸ்டில் இந்த அளவு முழுநேரப் பயிலுநருக்கு வாரத்துக்குக் குறைந்தது 6 மணி நேரம் என்று மாற்றப்பட்டது.

படிக்கும் நேரமும் சம்பள நேரமே என்று அந்த விதி சொல்கிறது. மாணவ ஆசிரியருக்கும், 1858இன் வெளி மாணவருக்கும், 1971இன் அஞ்சல் வழி மாணவருக்கும் கிடைக்காத ஒன்று இது. பட்டப் பயிலுநர் முறையில் உண்மையிலேயே புதியது எது என்று தேர்வில் கேட்டால், இதைத்தான் எழுத வேண்டும். சம்பளமும் புதிதல்ல, தொலைநிலைப் பட்டமும் புதிதல்ல. வேலை நேரத்துக்குள் எழுத்தில் பாதுகாக்கப்பட்ட படிப்பு நேரம்தான் புதிது.

7. வீட்டிலிருந்து: குரு எங்கே போனார்?

இனி அந்த மாணவரின் கேள்வியில் இருக்கும் கடைசிப் பகுதி. வீட்டிலிருந்தே செய்யலாமா?

வீட்டிலிருந்து மென்பொருள் எழுதுவது 2020இல் பிறந்த பழக்கம் அல்ல. 1962இல் இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷெர்லி என்ற பெண்மணி, 6 பவுண்டு முதலீட்டில் ஒரு நிரல் எழுதும் நிறுவனத்தைத் தொடங்கினார். பெண் என்பதால் தம் கடிதங்களுக்குப் பதில் வரவில்லை என்று கண்டு, ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திட்டவர் அவர். திருமணமாகிக் குழந்தை பெற்றதால் வேலையை விட்ட பெண்களை அவர் தேடி எடுத்தார். முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். வீட்டு மேசையில் பென்சிலால் தாளில் நிரல் எழுதி அனுப்புவார்கள். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலும் அப்படி எழுதப்பட்டதுதான். வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போது குழந்தையின் சத்தம் கேட்காமல் இருக்க, தட்டச்சு ஒலியைப் பதிவு செய்து பின்னணியில் ஓடவிட்டாராம்!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்களில் பலர் ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்கள். அலுவலகத்தில் பழகிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்கள். 18 வயதில், ஒன்றும் தெரியாத நிலையில், படுக்கையறை மேசையில் முதல் வேலையைத் தொடங்குபவரின் நிலை வேறு.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நாமும் இதை உணர்ந்தோம். அனுபவமுள்ள ஆசிரியர் இணைய வகுப்பை எப்படியோ சமாளித்தார். புதிதாகப் பணியில் சேர்ந்தவருக்குத்தான் திண்டாட்டம். பக்கத்து மேசை ஆசிரியரிடம் “இதை எப்படிச் செய்றது, டீச்சர்?” என்று அரை நிமிடத்தில் கேட்க முடிந்ததை, குறுஞ்செய்தி அனுப்பிக் காத்திருந்து கேட்க வேண்டியதாயிற்று. பட்டறையில் இருந்த அந்தக் ‘கூடவே இருத்தல்’தான் இங்கே காணாமல் போகிறது.

அதற்காக, தூரத்திலிருந்து தொழில் கற்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத ஆயிரக்கணக்கானோர் எழுதிய மென்பொருள். புதியவர் தாம் எழுதிய திருத்தத்தை அனுப்புவார். மூத்தவர் அதை வரி வரியாகப் படித்து, ‘இது ஏன் தவறு, இதை எப்படி மாற்றலாம்’ என்று எழுத்திலேயே பதில் சொல்வார். இந்த முறைக்கு மென்பொருள் உலகில் ‘நிரல் மதிப்பாய்வு’ என்று பெயர். கட்டுரைத் தாளில் சிவப்பு மையால் நாம் செய்வதும் அதுவேதான். ஆக, குரு தூரத்தில் இருக்கலாம், ஆனால் குரு இருந்தாக வேண்டும். நாள்தோறும் திருத்தித் தருவதற்கென ஒருவருக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருந்தால், வீட்டிலிருந்தும் தொழில் கற்கலாம்.

அடுத்த ஆபத்து நேரத்தைப் பற்றியது. வீட்டிலிருந்து பயிலும் ஒரு மாணவியின் வாரத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். திங்கள் முதல் வியாழன் வரை காலை 9 மணிக்குக் குழுச் சந்திப்பு, பிறகு நிரல் வேலை. வெள்ளி பல்கலைக்கழகப் பாடத்துக்கு. வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குத் திரையில் ஒரு செய்தி: “ஒரு சின்ன பிழை, சும்மா அரை மணி நேரம் பார்க்க முடியுமா?” அரை மணி நேரம் மதியமாகிறது. வகுப்பறையில் உட்கார்ந்திருந்தால் அந்தச் செய்தி அவளை எட்டியிருக்காது. வீட்டில் வேலைக்கும் படிப்புக்கும் அதே மடிக்கணினி, அதே நாற்காலி. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. இருந்தாலும் அன்று தவறிய பாடத்தை ஞாயிற்றுக்கிழமை இரவு அவள் படிக்கிறாள். 1971இன் மாணவர் உட்கார்ந்த அதே இரவு நேரத்துக்கு அவளும் வந்துவிட்டாள்!

8. மலேசியாவில் இன்று

நம் நாட்டில் இதற்கு அருகில் வரும் திட்டங்கள் உண்டு. 2005இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறை, அதாவது எஸ்.எல்.டி.என்., ஜெர்மனியின் முறையைப் பின்பற்றியது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில், மீதி பயிற்சி நிலையத்தில் நடக்கும். முடிவில் கிடைப்பது திறன் சான்றிதழ். உயர்கல்வியில் 2017 வாக்கில் அறிமுகமான ‘2யூ2ஐ’ முறையில், மாணவர் 2 ஆண்டுகள் பல்கலைக்கழகத்திலும் 2 ஆண்டுகள் தொழில் நிறுவனத்திலும் பயில்வார். அவர் அடிப்படையில் மாணவர், ஊழியர் அல்லர்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. திருத்தப்பட்ட வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. வாரத்துக்கு அதிகபட்ச வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அதே சட்டம் பயிலுநர் ஒப்பந்தத்தின் காலத்தைக் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 24 மாதம் என்று வரையறுக்கிறது. ஒரு பட்டப் படிப்பு முடிய 3 அல்லது 4 ஆண்டுகள் ஆகும். 24 மாதத்துக்குப் பிறகு அந்த மாணவர் எந்த நிலையில் இருப்பார்? இந்தக் கேள்விக்கான விடை கையெழுத்திடும் தாளிலேயே இருக்க வேண்டும்.

ஆகவே, மாணவர் கேட்கும்போது நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. படிப்பு நேரம் எத்தனை மணி என்று ஒப்பந்தத்தில் எண்ணில் எழுதியிருக்கா? அது 45 மணிக்குள்ளா, வெளியேவா?
2. வேலையைத் திருத்திச் சொல்லித்தர யார் பொறுப்பு? அவரை எப்போது, எப்படிக் கேட்கலாம்? மாதத்தில் சில நாளாவது நேரில் சந்திக்க வாய்ப்பு உண்டா?
3. பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது? மலேசியத் தகுதி முகமை, அதாவது எம்.கியூ.ஏ., அதை அங்கீகரித்திருக்கா?
4. கட்டணத்தை யார் கட்டுகிறார்? பாதியில் விலகினால் யார் திருப்பிக் கட்ட வேண்டும்? படிப்பு முடிந்தபின் எத்தனை ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும்?
5. சம்பளத்தில் இ.பி.எஃப்., சொக்சோ சந்தா உண்டா? இவ்விரண்டின் சட்டங்களும் பயிலுநர் ஒப்பந்தத்தில் இருப்பவரையும் ஊழியராகவே கருதுகின்றன.

இந்த ஐந்துக்கும் தெளிவான விடை இருந்தால், பிள்ளையைத் தைரியமாகச் சேரச் சொல்லலாம். முதல் கேள்விக்கு “அதெல்லாம் போகப்போகப் பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால், அது வேலை மட்டும்தான். படிப்பு அவர் தூக்கத்திலிருந்து போகும். அப்படியும் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் பினாங்கில் நிறையப் பேர் உண்டு. அவர்கள் உழைப்பு பெரியது. ஆனால் அந்தப் பாரத்தைத் தெரிந்தே ஏற்பது வேறு, தெரியாமல் தலையில் விழுவது வேறு. பெற்றோருக்கு ஆங்கில ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வாய்ப்பில்லாத வீடுகளில், இந்தக் கேள்விகளைக் கேட்டுத் தரக்கூடிய ஒரே பெரியவர் ஆசிரியராகவே இருக்கலாம்.

வகுப்பறைக்கு

*காலக்கோடு:* 1563 கைவினைஞர் சட்டம், 1846 மாணவ ஆசிரியர் முறை, 1858 இலண்டன் வெளிப் பட்டம், 1962 ஷெர்லியின் நிறுவனம், 1971 யு.எஸ்.எம். தொலைநிலைப் பட்டம், 1972 பாயான் லெப்பாஸில் இன்டெல், 1989 பி.எஸ்.டி.சி.; 1995 விப்ரோ, பிட்ஸ் திட்டம்; 2005 எஸ்.எல்.டி.என்.; 2007 வாவாசானின் முதல் மாணவர்கள்; 2015 இங்கிலாந்தில் பட்டப் பயிலுநர் முறை; 2023 திருத்தப்பட்ட வேலைச் சட்டம்.

*சிந்தனை வினாக்கள்:*

1. 1971இன் தொலைநிலை மாணவரையும் இன்றைய பட்டப் பயிலுநரையும் நேரம், கட்டணம், ஆசிரியர் ஆகிய மூன்று கூறுகளில் ஒப்பிடுக.
2. போட்டி நிறுவனங்கள் 1989இல் ஒன்றுசேர்ந்து பயிற்சி மையம் அமைக்கக் காரணம் என்ன? விளைவு என்ன?
3. “வீட்டிலிருந்து வேலை செய்வது தொழில் கற்பவருக்கு நன்மையே.” இக்கூற்றை ஏற்றோ மறுத்தோ 250 சொற்களில் ஒரு வாதக் கட்டுரை எழுதுக.
4. உங்கள் குடும்பத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்த ஒருவரிடம், அவர் எந்த நேரத்தில் படித்தார் என்று கேட்டு நேர்காணலாக எழுதி வருக. வரலாற்றுப் பாடத்துக்கு அதுவும் ஒரு சான்றுதான்.